வலது கால் கட்டைவிரல் அசைந்த விவகாரம்

'முதுகுத் தண்டுவடக் காயமும் மீட்சியும் குறித்த உயர் ஆய்வு நிறுவனம்' என்ற பெயர்ப் பலகையை முழுதாகப் படித்து முடிக்க வேண்டுமானால் அதன் எதிரில் சற்று நேரம் நிற்க வேண்டும். அங்கே வருகிறவர்களில் பெரும்பாலோரால் நிற்க முடியாது என்பதால் இதுபற்றி இதுவரை புகார் எதுவும் வந்ததில்லை. பலகைக்குக் கீழே பதினொரு படிகள். சக்கர நாற்காலிக்கான சரிவுப் பாதை கட்டடத்துக்குப் பின்னால், ஜெனரேட்டர் அறையை ஒட்டி இருந்தது. அதன் கதவைத் திறக்க ஒரு சீட்டு வேண்டும். அந்தச் சீட்டை முன்பக்க வரவேற்பறையில், படிகளுக்கு மேலே, ஒன்பதரை மணியிலிருந்து கொடுப்பார்கள்.

லிஃப்ட்காரர் அங்கே முதன்முதலாகப் போன அன்று அவருடைய மைத்துனன்தான் படியேறிப் போய்ச் சீட்டு வாங்கி வந்தான். "மாமா, உங்களை நடக்க வைக்கிறாங்களோ இல்லையோ, என்னை நல்லா நடக்க வைக்கிறாங்க" என்று சொல்லிக்கொண்டே நாற்காலியைத் தள்ளினான்.

லிஃப்ட்காரர் என்றால் லிஃப்டுக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பொத்தான் அழுத்துகிறவர் அல்ல. பழுது பார்க்கிறவர். இருபத்தோரு வருஷ அனுபவம். ஏழு மாடி அலுவலகம் ஒன்றில், லிஃப்ட் கூண்டின் தலைமேல் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, 'வேலை நடக்கிறது' என்ற அட்டையைப் படிக்கப் பொறுமை இல்லாத யாரோ ஒருவர் மெயின் சுவிட்சைப் போட்டுவிட்டார். இரண்டு மாடி ஆழத்தில் விழுந்தார். உயிர் தப்பியது. இடுப்புக்குக் கீழே இருந்தவற்றைப் பெயரளவில் மட்டும் தன்னுடையவை என்று சொல்லிக்கொள்ளலாம் என்கிற நிலைமை. ஏழு மாதம் ஏறாத ஆஸ்பத்திரி இல்லை. எல்லோரும் நின்றபடியே ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு, நின்றபடியே தலையை ஆட்டி அனுப்பினார்கள்.

இந்த நிறுவனத்தில்தான் ஒருவர் எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நரம்பியல் விஞ்ஞானி. தண்டுவடக் காயத்தைப் பற்றிப் பதினெட்டு வருஷமாக ஆராய்கிறவர். முதலில் எலிகள், அப்புறம் மனிதர்கள். லிஃப்ட்காரர் வீட்டில் அவருக்கு 'டாக்டரம்மா' என்றே பெயர் நிலைத்துவிட்டது. கோட்டுப் பையில் ஒரு சின்னத் தூரிகையும் குண்டூசியும் வைத்திருந்தார். அவற்றால் அரை மணி நேரம் பாதத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"உங்க தண்டுவடம் முழுசா அறுந்து போகலண்ணா. நசுங்கியிருக்கு. கொஞ்சம் நரம்பிழை மிச்சம் இருக்கு. ஆனா அதுக்குக் கட்டளையைக் கால் வரைக்கும் கொண்டு போற தெம்பு இல்ல."

"கூண்டுக்கு அடியில ஒரு கேபிள் தொங்கும் டாக்டரம்மா" என்றார் லிஃப்ட்காரர். "அதுல நாப்பது வயர் ஓடும். முப்பத்தஞ்சு போனாலும் மீதி அஞ்ச வச்சு ஒப்பேத்திடலாம். எந்த அஞ்சுன்னு தேடிப் பிடிக்கணும், அவ்வளவுதான்."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "இதைச் சொல்றதுக்கு நான் ஒரு மணி நேரம் படம் போட்டுப் பேசறேன்."

சிகிச்சையும் எளிதாகத்தான் இருந்தது. முதுகில் ஒரு பெல்ட். அதற்குள்ளிருந்து தோல் வழியாகச் சின்னதாக ஒரு மின்சாரம். அது தூங்கும் இழைகளை எழுப்பிவிடும். எழுப்பிவிட்ட நேரத்தில் காலை அசைக்க முயன்றுகொண்டே இருக்க வேண்டும். "பெல்ட் எழுப்பத்தான் செய்யும். வழியைத் திறக்கறது நீங்கதான். தினமும் முயற்சி பண்ணணும். பயன்படுத்தாத வழி மூடிக்கும்ணா, இத மட்டும் மறந்துடாதீங்க." கடைசியில் எழுந்திருக்கும்போது அவர் தோளைத் தொட்டு, "உங்க கால் ஒரு நூல் அசைஞ்சாக்கூடப் போதும். அதுக்கப்புறம் நான் உங்களை விட மாட்டேன்" என்றார்.

லிஃப்ட்காரர் வீட்டுக்கு வந்து மனைவியிடம் இதை மூன்று தடவை சொன்னார். திரைச்சீலை தைக்கும் கடையில் வேலை செய்கிற அவள், மடியில் இருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு மூன்று தடவையும் முழுதாகக் கேட்டாள். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

பால் வார்த்த பிறகு படிவம் வந்தது. நாற்பத்தாறு பக்கம். அதை வாசித்துக் காட்டுவதற்கென்றே நிறுவனத்தில் ஓர் அதிகாரி இருந்தார். ஒழுங்குமுறை அதிகாரி என்பது அவர் பதவி. மைத்துனன் அவருக்குப் 'படிவக்காரர்' என்று பெயர் வைத்தான். அவர் நாற்பத்தாறு பக்கத்தையும் பதினோரு நிமிஷத்தில் வாசித்தார். நடுவில் மூச்சு விட்டதாகத் தெரியவில்லை.

"ரெண்டு குழு இருக்கு. நீங்க எந்தக் குழுன்னு உங்களுக்குத் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது."

"அப்ப யாருக்குத்தான் தெரியும்?" என்று மனைவி கேட்டாள்.

"கம்ப்யூட்டருக்கு."

காலையில் வருகிறவர்கள் ஒரு குழு, மாலையில் வருகிறவர்கள் இன்னொரு குழு என்று லிஃப்ட்காரர் புரிந்துகொண்டார். அதில் என்ன ரகசியம் வேண்டிக்கிடக்கிறது என்று தோன்றினாலும், படித்தவர்கள் ஏதோ காரணமாகத்தான் செய்வார்கள் என்று விட்டுவிட்டார். ஒரு குழுவுக்கு நிஜ பெல்ட், இன்னொரு குழுவுக்கு விளக்கு மட்டும் எரியும் பொம்மை பெல்ட் என்ற விவரம் முப்பத்தோராம் பக்கத்தின் அடிக்குறிப்பில் பொடி எழுத்தில் இருந்தது. படிவக்காரர் அந்தப் பக்கத்தை நான்கு விநாடியில் கடந்திருந்தார். லிஃப்ட்காரர் நாற்பத்தாறு இடத்தில் கையெழுத்துப் போட்டார். அன்றிலிருந்து அவர் 'பங்கேற்பாளர் எண் பதினேழு'.

பெல்ட்டில் பச்சை விளக்கு எரிந்தது. இரண்டு வாரம் எரிந்தது. பக்கத்துக் கட்டிலில் பயிற்சி செய்த ஓர் ஓவிய ஆசிரியர், "முதுகுல எறும்பு ஊர்ற மாதிரி இருக்குல்ல?" என்று கேட்டார். லிஃப்ட்காரருக்கு எறும்பும் இல்லை, ஈயும் இல்லை. விளக்கு எரிந்தால் மோட்டாருக்கு மின்சாரம் போகிறது என்று நம்புகிற ஆள் அவர் இல்லை. அப்படி நம்பியிருந்தால் இருபத்தோரு வருஷம் அந்தத் தொழிலில் குப்பை கொட்டியிருக்க முடியாது.

சனி, ஞாயிறுகளில் வீட்டில் பயிற்சி செய்ய பெல்ட்டைக் கொடுத்தனுப்புவார்கள். மூன்றாவது சனிக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, அவர் பெல்ட்டின் பின்பக்கத்து ஒட்டுச் சீட்டைப் பிளேடால் நுணுக்கமாக எடுத்து, மூடியைத் திறந்தார். உள்ளே சிவப்பு வயர் ஒன்று பாதியில் நின்றிருந்தது. முனையில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது.

"பாத்தியா வேலைய?" என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். "டேப் சுத்தற அளவுக்கு நேரம் இருந்திருக்கு, சேக்க நேரம் இல்ல. எங்க கம்பெனியா இருந்தா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க."

"சொல்லிட்டு வேற வாங்கிக்கலாம்ல?"

"சொன்னா யாரோ ஒருத்தன் வேலை போயிடும். பாவம், அவனுக்கும் குடும்பம் இருக்கும்."

வயரை ஒட்ட வைத்து, மூடியைப் போட்டு, ஒட்டுச் சீட்டைச் சுருக்கம் விழாமல் திரும்ப ஒட்டினார். பெல்ட்டைக் கட்டிக்கொண்டதும் காயத்துக்கு மேலே, உணர்வு இருந்த இடத்தில், வரிசையாக எறும்பு ஊர்ந்தது. அவருக்குப் பரம திருப்தி. கைவேலை மறந்துவிடவில்லை.

அதற்குப் பிறகு ஐந்து வாரம், தினமும் நூற்றைம்பது தடவை, தன் வலது காலைப் பார்த்து 'அசை' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தார். எட்டாவது வாரம் வியாழக்கிழமை பத்தே காலுக்கு, வலது கால் கட்டைவிரல் அசைந்தது.

பெரிய அசைவு ஒன்றும் இல்லை. ஓர் அரிசி நீளம் மேலே போய்க் கீழே வந்தது. எதிரில் வேறு யாருக்கோ ஏதோ சொல்லிக்கொண்டிருந்த டாக்டரம்மா அந்த வாக்கியத்தை முடிக்கவே இல்லை. தரையில் முழங்கால் போட்டு உட்கார்ந்து, முகத்தை விரலுக்கு அருகே கொண்டுபோனார். "மறுபடி அண்ணா." அசைந்தது. "இடது விரல்னு நெனச்சுக்கோங்க." வலது விரல் அசையவில்லை. "இப்ப வலது." அசைந்தது. தசை துடிப்பதல்ல, அவர் சொல்லித்தான் அசைகிறது. டாக்டரம்மா போனில் படம் பிடித்தார். அவசரத்தில் முதல் படத்தில் கூரைதான் விழுந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பதினெட்டு வருஷம்ணா..." என்றார். லிஃப்ட்காரருக்கு அழுகை வந்துவிட்டது. தன் விரலுக்காக அழுதாரா, அந்த அம்மாவுக்காக அழுதாரா என்று அவருக்கே தெரியவில்லை. உடன்பிறந்தவள் ஒருத்தி இருந்தால் இப்படித்தான் இருந்திருப்பாள் என்று அன்று அவர் நினைத்தது உண்மை.

நல்ல செய்தியைப் பதிவு செய்ய டாக்டரம்மா ஓடினார். இங்கேதான் முதல் சிக்கல். பங்கேற்பாளருக்கு எதிர்பாராமல் ஏதாவது நேர்ந்தால் எழுத நிறுவனத்தில் ஒரே ஒரு படிவம்தான் உண்டு. அதன் பெயர் 'பாதகமான நிகழ்வு அறிக்கை'. மீட்சியை ஆராயும் நிறுவனத்தில் இருபத்திரண்டு வருஷமாக மீட்சிக்கென்று ஒரு படிவம் அச்சடிக்கும் தேவை ஏற்படவில்லை. படிவக்காரர் இருக்கிற படிவத்தையே நிரப்பினார்.

நிகழ்வின் வகை: காய்ச்சல், தோல் தடிப்பு, கீழே விழுதல், மரணம், மற்றவை. அவர் 'மற்றவை' என்பதைக் குறித்து, பக்கத்தில் 'விரல் அசைந்தது' என்று எழுதினார். தீவிரம்: லேசானது. இந்நிகழ்விலிருந்து பங்கேற்பாளர் குணமடைந்துவிட்டாரா? 'இன்னும் இல்லை. தொடர்ந்து அசைகிறது.'

பாதகமான நிகழ்வு என்று வந்துவிட்டால் விதிப்படி ரகசிய உறையை உடைத்து, அவர் எந்தக் குழு என்று பார்க்க வேண்டும். உடைத்தார்கள். பதினேழாம் எண், பொம்மை பெல்ட்.

நிறுவனம் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

மூன்றாம் நாள் விரலைப் பார்வையிட ஒன்பது பேர் கொண்ட குழு வந்தது. பயிற்சி அறையில் நீள மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் வைத்திருந்தார்கள். மேசைக்கு எதிரில் லிஃப்ட்காரரை நாற்காலியோடு நிறுத்தி, வலது காலை ஒரு ஸ்டூலின் மேல் தூக்கி வைத்திருந்தார்கள். மனைவி முந்தின நாளே நகம் வெட்டிவிட்டிருந்தாள். டாக்டரம்மா மேசையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். லிஃப்ட்காரர் அவரைப் பார்த்துச் சிரித்தார். அவர் குறிப்பேட்டில் ஏதோ தேடிக்கொண்டிருந்தார்.

இயக்குநர் எழுந்தார். அவர் தேநீர் கேட்பதையும் மேடைத் தமிழில்தான் கேட்பார்.

"பெரியோர்களே. இந்நிறுவனம் மீட்சிக்கு எதிரானதன்று. மீட்சியே எமது மூச்சு. எனினும் மீட்சி என்பது முறைப்படி வர வேண்டும். யார் குணமாக வேண்டும், எந்த வாரத்தில் குணமாக வேண்டும், எத்தனை விழுக்காடு குணமாக வேண்டும் என்று நாம் நான்கு ஆண்டுகள் உழைத்துத் திட்டமிட்டிருக்கிறோம். குணமாவது எளிது. எவரும் குணமாகிவிடலாம். குணமாகாமல் இருந்து அறிவியலைத் தாங்கிப் பிடிக்கும் அந்த இருபது பேரின் தியாகத்தை நான் இங்கே நினைவுகூர்கிறேன். அந்த இருபது பேரில் ஒருவர், எவரையும் கலந்துகொள்ளாமல், ஒரு வியாழக்கிழமை, தன் விரலை அசைத்திருக்கிறார். அவருடைய உள்நோக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. விரலின் உள்நோக்கத்தைத்தான் அறிய விரும்புகிறேன்."

எட்டுப் பேர் தலையாட்டினார்கள்.

லிஃப்ட்காரருக்குப் பாதிதான் புரிந்தது. ஏதோ குழப்பம் நடந்திருக்கிறது, அதற்கு அந்த பெல்ட்தான் காரணம், தான் உண்மையைச் சொல்லிவிட்டால் டாக்டரம்மாவுக்குச் சங்கடம் தீர்ந்துவிடும் என்பது அவருக்குப் புரிந்த பாதி.

"ஐயா, ஒண்ணு சொல்லணும். அந்த பெல்ட்ல வயர் விட்டுப் போயிருந்துச்சு. நான்தான் வீட்டுல வச்சு சரி பண்ணேன். அதுக்கப்புறம்தான் கரண்ட் வந்துச்சு, அதுக்கப்புறம்தான் விரலும் அசைஞ்சுச்சு. முன்னாடியே சொல்லியிருக்கணும், தப்புதான். பெல்ட் செஞ்ச தம்பிய ஒண்ணும் சொல்லிடாதீங்க."

ஒன்பது பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் கவலைப்படுவதாக நினைத்துக்கொண்டு லிஃப்ட்காரர் ஆறுதலாகத் தொடர்ந்தார்: "இன்னும் அந்த மாதிரி எத்தனை இருக்குன்னு தெரியல. எல்லாத்தையும் குடுங்கய்யா. ஒரே மத்தியானத்துல சரி பண்ணித் தந்துடறேன்."

மேசைக்குப் பின்னால் ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். இந்தக் கூச்சலில் ஒன்று அந்த ஒன்பது பேரில் யாருக்கும் தோன்றவில்லை. பெல்ட் வேலை செய்கிறது என்பதுதான் அது. பதினெட்டு வருஷ ஆராய்ச்சி பலித்திருக்கிறது. செத்த பெல்ட்டில் அசையாத விரல், வயரைச் சேர்த்ததும் அசைந்திருக்கிறது. அந்த அறையில் அது தோன்றிய ஒரே ஆள் டாக்டரம்மா. அவர் நிமிர்ந்து லிஃப்ட்காரரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் எல்லாம் தெரிந்திருந்தது. பிறகு மறுபடியும் குறிப்பேட்டைப் பார்த்தார்.

படிவக்காரர் குற்றத்தை எழுதினார்: முத்திரையை உடைத்தது, அனுமதியின்றிச் சிகிச்சை பெற்றது, ஒதுக்கப்படாத குணத்தை அடைந்தது. "இதுக்கு நீங்க என்ன நினைக்கறீங்க டாக்டர்?" என்று இயக்குநர் கேட்டார். கோபத்தில் மேடைத் தமிழ் விட்டுப் போயிருந்தது.

"பங்கேற்பாளர் பதினேழோட நடத்தை வருந்தத்தக்கது" என்றார் டாக்டரம்மா.

அண்ணா என்று கூப்பிட்ட வாய். லிஃப்ட்காரருக்குக் கையும் ஓடவில்லை. கால் எப்படியும் ஓடாது.

மறுநாள் மாலை டாக்டரம்மா அவர் வீட்டுக்கே வந்தார். மைத்துனன் நாற்காலி எடுத்துப் போட்டுவிட்டு, போகாமல் கதவுப் பக்கம் நின்றுகொண்டான்.

"நேத்து அப்படிச் சொல்ல வேண்டியதாப் போச்சுண்ணா. மனசுல வச்சுக்காதீங்க." கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "உங்களை நீக்கினா ஏன் நீக்கினோம்னு எழுதணும். எழுதினா ஆய்வையே ரத்து பண்ணிடுவாங்க. நாலு வருஷ உழைப்பு, நாப்பது பேரு. அதனால ஒரு வழி பண்ணியிருக்கோம். அந்த வியாழக்கிழமை நடந்ததைப் பதிவுலேருந்து எடுத்துடறோம். நீங்க பழையபடி பதினேழாவே தொடரலாம். ஆனா கடைசி அளவீட்டுக்கு வெளியிலேருந்து ஆள் வருவாங்க. அவங்க முன்னாடி அசையக் கூடாது."

"எப்ப வருவாங்க?"

"பதினாலு வாரம்."

"அதுவரைக்கும் பயிற்சி?"

"கூடாது. பெல்ட்டும் வேண்டாம். கால் ஓய்வா இருக்கட்டும். அளவீடு முடிஞ்சு முடிவு வந்ததுமே நிஜ பெல்ட்டை நான் என் கையால உங்களுக்குக் கட்டறேன். அடுத்த கட்ட ஆய்வுல முதல் ஆள் நீங்கதான்."

லிஃப்ட்காரர் தன் பாதத்தைப் பார்த்தார். "பயன்படுத்தாத வழி மூடிக்கும்னு நீங்கதானே டாக்டரம்மா சொன்னீங்க?"

"அது... பொதுவா சொல்றது. பதினாலு வாரம்ங்கறது ஒண்ணும் பெருசு இல்லண்ணா."

"எலிக்கு எத்தனை வாரத்துல மூடிச்சு?" என்று மனைவி கேட்டாள்.

டாக்டரம்மாவின் கண்ணில் நீர் மட்டும் வந்தது. அது பொய்க் கண்ணீர் அல்ல. அதனால்தான் வினை. "என்னை நம்புங்கண்ணா" என்றார்.

"கையெழுத்துப் போடாதீங்க" என்றாள் மனைவி. "மாமா, நம்ப வச்சுக் கழுத்தறுக்கறாங்க" என்றான் கதவுப் பக்கத்திலிருந்து மைத்துனன். பெல்ட் முத்திரையை உடைத்தது தன் தப்பு என்கிற உறுத்தல் லிஃப்ட்காரருக்கு இருந்தது. தன்னால் அந்த அம்மாவின் நாலு வருஷம் வீணாகக் கூடாது என்றும் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, அந்த வியாழக்கிழமை தரையில் முழங்கால் போட்டு உட்கார்ந்து அழுத ஒருவர் தன்னைக் கைவிடுவார் என்று அவரால் நினைக்கவே முடியவில்லை. தாளை வாங்கிப் படித்தார்.

'கீழே கையொப்பமிடும் நான், பங்கேற்பாளர் எண் பதினேழு, இறுதி அளவீடு முடியும்வரை என் வலது கால் கட்டைவிரலையோ அதைச் சார்ந்த பிற உறுப்புகளையோ தன்னிச்சையாகவோ பிறர் தூண்டுதலாலோ அசைக்க மாட்டேன் எனவும், தவறி அசைய நேர்ந்தால் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் எழுத்து மூலம் தெரிவிப்பேன் எனவும், இதுவரை அசைந்ததை அசைந்ததாகக் கருத மாட்டேன் எனவும் உறுதியளிக்கிறேன்.'

கையெழுத்துப் போட்டார்.

அடுத்த நாள் படிவக்காரர் வந்து வலது காலுக்கு முழங்கால்வரை ஒரு கெட்டி உறையை மாட்டி, வாரில் முத்திரை ஒட்டிவிட்டுப் போனார். வாரந்தோறும் நிரப்ப ஒரு படிவமும் கொடுத்தார். இந்த வாரம் விரலை அசைத்தீர்களா? அசைக்க முயன்றீர்களா? அசைக்க நினைத்தீர்களா, ஆம் எனில் எத்தனை முறை?

லிஃப்ட்காரர் பொய் சொல்லத் தெரியாதவர். முதல் வாரம் 'நினைத்தது: இருநூற்றுப் பன்னிரண்டு முறை' என்று எழுதி அனுப்பினார். படிவக்காரரிடமிருந்து போன் வந்தது.

"எண்ணிக்கை ரொம்ப அதிகமா இருக்கே."

"தானா வருதுங்க."

"மேலிடத்துல கேப்பாங்க. அம்பதுக்குள்ள வச்சுக்கப் பாருங்க."

வைத்துக்கொள்ளப் பார்த்தார். குறுக்கெழுத்துப் போட்டார். மனைவியோடு உட்கார்ந்து திரைச்சீலைக்கு வளையம் கோத்தார். ஒரு நாள் காலையில் அவள் கத்தரிக்கோலை எடுத்துவந்து உறைக்குப் பக்கத்தில் முழங்காலிட்டாள். "நான் வெட்டறேன். நீங்க பாக்காத மாதிரி இருங்க. கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்."

"வாக்கு குடுத்துட்டேன்டி."

"அவங்களும்தான் குடுத்தாங்க. அசைஞ்சா விட மாட்டேன்னு."

"அவங்க விடல. தள்ளி வச்சிருக்காங்க."

அவள் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பத்தாம் வாரம் நினைத்தது நாற்பத்தொரு முறை. பன்னிரண்டாம் வாரம் பதினெட்டு. 'முன்னேற்றம் பாராட்டத்தக்கது' என்று நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் முன்னேற்றம் என்ற சொல்லை அந்த நிறுவனம் ஒரு நோயாளிக்கு எழுதியது அதுதான் முதல் தடவை.

அளவீட்டுக்கு வெளியிலிருந்து வந்த இரண்டு பேர் உறையைக் கழற்றி, வலது விரலை அசைக்கச் சொன்னார்கள். இறுதி அளவீடு முடியும்வரை அசைக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருந்த லிஃப்ட்காரர் முயலவில்லை. சுழியம் என்று எழுதிக்கொண்டு போனார்கள். நாற்பது பேரின் அளவீடும் முடியட்டும் என்று படிவக்காரர் உறையைத் திரும்ப மாட்டி முத்திரை ஒட்டினார். நிஜ பெல்ட் குழுவில் பதினோரு பேருக்குச் சிறு அசைவு. பொம்மை பெல்ட் குழுவில் ஒருவருக்கும் இல்லை. இதைவிடச் சுத்தமான முடிவு கிடைக்காது என்றார்கள். மறு வாரமே விழா வைத்தார்கள். பதினொரு படிகளுக்கு மேலே இருந்த அரங்கில்தான் விழா. நான்கு காவலாளிகள் லிஃப்ட்காரரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள்.

"முன்னேறியவர்களை உலகம் கொண்டாடும்" என்றார் இயக்குநர். "இருந்த இடத்திலேயே இருந்தவர்களை யார் கொண்டாடுவது? யாம் கொண்டாடுவோம். தம்மிடம் இருந்த திறமையையும் வெளிக்காட்டாமல் அடக்கத்தோடு அசையாதிருந்த பங்கேற்பாளர் பதினேழுக்குச் சிறந்த ஒத்துழைப்பாளர் கேடயம் வழங்குவதில் பெருமை கொள்கிறேன்."

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். லிஃப்ட்காரர் கேடயத்தை மடியில் வைத்துக்கொண்டு டாக்டரம்மா எங்கே இருக்கிறார் என்று தேடினார்.

கைதட்டல் ஓய்ந்ததும் டாக்டரம்மாவே வந்து நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனார். மனைவியும் கூடவே போனாள். சொன்ன சொல் தவறாமல், நிஜ பெல்ட்டைத் தன் கையாலேயே கட்டினார். முத்திரையை உடைத்து உறையைக் கழற்றினார். கால் அதற்குள் மெலிந்துபோய், தோல் வெளிறிக் கிடந்தது.

"இப்ப அசைக்கலாம்ணா."

லிஃப்ட்காரர் பார்வையை விரலில் வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, உள்ளுக்குள் சொன்னார். முதுகில் எறும்பு ஊர்ந்தது. விரல் சும்மா இருந்தது. மறுபடி சொன்னார். கழுத்து நரம்பு புடைத்து, நெற்றி வேர்த்தது. டாக்டரம்மா தரையில் முழங்கால் போட்டு உட்கார்ந்து, விரலைப் பிடித்துத் தேய்த்து, தட்டி, தூரிகையால் தடவிப் பார்த்தார். அரை மணி நேரம் ஆயிற்று. பக்கத்து அரங்கில் நாற்காலிகளை இழுத்து அடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"போயிடுச்சா டாக்டரம்மா?"

"அப்படிச் சொல்ல முடியாது. மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கணும். வரலாம். வராமலும்..."

"சரி. அடுத்த கட்டத்துல ஆரம்பிப்போம். முதல் ஆள் நான்தானே?"

டாக்டரம்மா விரலை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். "அதுல ஒரு விதி வச்சுட்டாங்கண்ணா. ஒரு தடவையாவது அசைவு பதிவானவங்களைத்தான் சேர்க்கணுமாம்."

"எனக்குத்தான் அசைஞ்சுச்சே. நீங்க பாத்தீங்களே. படம் புடிச்சீங்களே."

"படத்தை அழிச்சாச்சு. நான் பாத்தேன்ணா, இல்லேன்னு சொல்லல. ஆனா பதிவுல இல்லையே."

லிஃப்ட்காரர் குனிந்து டாக்டரம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா அழுதுகொண்டிருந்தார். ரொம்ப உண்மையாக அழுதார். அவருடைய கண்ணீர் இரண்டு சொட்டு பாதத்தின் மேல் விழுந்தது. விழுந்ததை லிஃப்ட்காரர் கண்ணால்தான் பார்த்தார். பாதத்துக்குத் தெரியவில்லை.

"அண்ணா, ஏதாவது சொல்லுங்கண்ணா. திட்டவாவது செய்யுங்க."

இத்தனை மாதத்தில் சரிங்க டாக்டரம்மா என்பதைத் தவிர வேறு பதில் சொல்லிப் பழகாத மனுஷன் அவர். அன்றைக்கும் குரலை உயர்த்தவில்லை.

"உங்க கால் ரெண்டும் நல்லாத்தானே இருக்கு டாக்டர்? எழுந்திரிச்சுப் போங்க."

டாக்டரம்மா எழுந்து, முழங்காலில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டுக்கொண்டு, நடந்து போனார்.